சமையலறைக் குழாயும் பதினைந்தாவது ஆட்டமும்

சொட்டுகளை எண்ணும் வேலை எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது ஒன்பதாவது வயதில். அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, நொடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் குழாயிலிருந்து எத்தனை சொட்டு விழுகிறது என்று பார்க்கச் சொன்னார். நாற்பத்தொன்று. இன்னொரு முறை எண்ணச் சொன்னார். மறுபடியும் நாற்பத்தொன்று. அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். குழாயைச் சரிசெய்ய அந்த எண்ணால் என்ன பயன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. மகன் வீட்டில் சமையலறைக் குழாய் மூன்று நாளாகச் சொட்டுகிறது. நிமிடத்துக்கு முப்பத்தாறு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் போகிறது. மகனிடம் சொன்னால், போனில் பதிவு செய்துவிட்டேன், ஆள் வருவார் என்கிறான். வாசர் மாற்றினால் போதுமே என்றால், இந்த மாதிரிக் குழாயில் வாசரே கிடையாதாம். வாசர் இல்லாமல் ஒரு குழாய் எப்படி மூடிக்கொள்ளும் என்று யோசித்து யோசித்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கவலையில்தான் பழைய குழாய் நினைவுக்கு வந்தது.

அது சிம்மக்கல் பக்கத்தில் ஒரு சந்து. வீட்டுக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவருடைய ஊர் மேலூருக்குக் கிழக்கே. அம்மாவுக்குச் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம். இரண்டு ஊரிலும் எங்கள் ஆட்கள் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள்; ஊரைவிட்டுத் தள்ளியிருந்த காலனியில் குடியிருந்தவர்கள். இரண்டு குடும்பத்திலும் சேர்த்து, சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அப்பாதான்.

அவருக்கு வேலை கிடைத்த அளவுக்குச் சுலபமாக வீடு கிடைக்கவில்லை. எட்டு வீடு பார்த்தார். ஏழு வீட்டில் வாடகையெல்லாம் பேசி முடித்தபிறகு, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். அதோடு பேச்சு நின்றுபோனது. எட்டாவது, இந்த வீடு. நானும் அம்மாவும் சந்து முனையில் நிற்க, அப்பா மட்டும் உள்ளே போனார். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்து, வீடு கிடைத்துவிட்டது என்றார்.

"கேட்டாகளா?" என்றாள் அம்மா.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீக?"

அப்பா பெட்டியைத் தூக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

குடிபோன அன்றே அப்பா என்னை உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். யாராவது ஊரைக் கேட்டால் மேலூர் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்குமேல் கேட்டால் எனக்குத் தெரியாது, அப்பாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் யாரும் இந்த வீட்டுக்கு வர மாட்டார்கள்; பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் போவோம். காரணம் கேட்டேன். இடம் போதாது என்றார். இரண்டு அறைகளையும் அடி வைத்து அளந்து பார்த்தேன். நீளம் பத்தொன்பது, அகலம் பதினொன்று. உண்மையிலேயே போதாதுதான்.

அம்மாவைப் பொறுத்தவரை அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், சமையலறைக்குள்ளேயே ஒரு குழாய். பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கு மேலே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக் குழாய். இதற்கு முன்பு இருந்த இடத்தில் தெருக்குழாய். அங்கே எல்லோரும் பிடித்து முடித்தபிறகுதான் அம்மாவின் குடம் குழாய்க்கு அடியில் போகும். நான் எண்ணியதில் அதிகபட்சமாகப் பத்தொன்பது குடங்கள் எங்களுக்கு முன்னால் போயிருக்கின்றன. அவற்றில் ஐந்து எங்களுக்குப் பின்னால் வந்தவை. இங்கே அம்மா குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். குடி வந்த அன்று மட்டும் இப்படி ஏழெட்டுத் தடவை. புளி போட்டு அதை அவள் தேய்த்த தேய்ப்பில் ஒரு மாதத்துக்குள் கண் கூசியது.

நான்காம் மாதம் அது சொட்டத் தொடங்கியது.

சொட்டியது எங்கள் குழாய் என்றாலும், தண்ணீர் வீட்டுக்காரருடையது. மொட்டை மாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. காலையில் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு அதை நிரப்புவார்கள். அதிலிருந்து ஒரு குழாய் அவர்கள் வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. எங்கள் குழாய் சொட்டுவதால்தான் தங்கள் தொட்டி சீக்கிரம் காலியாகிறது என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் நேராக வந்து, ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணிவிடச் சொன்னார்.

ஆளைக் கூப்பிட அப்பா பயந்தார். குழாய் வேலைக்கு வருகிறவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்பார், மேலூர் ஆளாக இருந்தால் இரண்டு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும் என்பது அவர் பயம். வெளியே வந்தால் ஒன்பதாவது வீடு தேட வேண்டும். அம்மாவிடம் தணிந்த குரலில் அவர் அப்படிச் சொன்னது என் காதிலும் விழுந்தது. எல்லாம் என்றால் என்ன என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தானே வேலையில் இறங்கினார். கடிகாரத்தைக் கொடுத்து என்னை எண்ணச் சொன்னது அப்போதுதான். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வாசர் ஒன்றை வட்டமாக வெட்டி வைத்திருந்தார். நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வெட்டியது. அலுவலகக் காகிதம்போல விளிம்பெல்லாம் சுத்தமாக இருந்தது. மாடியில் வால்வை மூட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. குழாயின் தலையைக் கழற்றியதும் தண்ணீர் எகிறி அவர் மூக்குக்கண்ணாடியை அடித்துக்கொண்டு போனது. அப்பா கட்டைவிரலால் அடைத்தார். அது இரண்டு பக்கமும் பீய்ச்சியது. என்னை மாடிக்கு ஓடச் சொன்னார். அங்கே இரண்டு வால்வு இருந்தது. நான் மூடியது வீட்டுக்காரருடையது.

எல்லாம் முடிந்தபோது சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இப்போது எண்ணு என்றார். தொண்ணூற்றாறு.

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அவ்வப்போது முறுக்கு கொடுத்திருக்கிறார். "சார், எழுதுற வேலைய நீங்க பாருங்க, குழா வேலைக்கு ஆளு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில் ஒரு ஃபிட்டரை அனுப்பிவைக்க வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் குழாய் வேலை செய்கிறவர்கள் இரும்புச் சாமான் கடை வாசலில் சாக்குப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர் எழுந்து போவார். நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். நான்கு என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் என் மாமா.

இது அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்மாவின் தம்பியான அவர் வெற்றிலைக் கொடிக்கால் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து பைப்பு வேலை பழகியது தெரியும். எந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. எங்கள் வீடு எங்கே என்று மாமாவுக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டார். ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சந்து என்று அப்பா சொன்னார். மாமா இரண்டாவது முறை கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட வந்தேன். வீட்டுக்கார அம்மா எங்கள் சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளே அடுப்போரம் அம்மா. அங்கணத்துக்கு முன்னால் காக்கிக் கால்சட்டையும் பனியனுமாகக் குந்தியிருந்த முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது தோள்பட்டையில் ஒரு மச்சம். ஐந்து மாதம் கழித்து அந்த முதுகைப் பார்க்கிறேன். பையைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தேன்.

மாமா முந்திக்கொண்டார். தலையை மட்டும் திருப்பி, "தம்பி, தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும். யாரு வீட்டுப் பிள்ளை நீங்க?" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அல்லது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமாவுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு உண்டு. பேருந்திலோ சந்தையிலோ எதிர்பாராமல் என்னைப் பார்த்தால், முன்பின் தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "யாரு வீட்டுப் பிள்ளை நீ?" என்பார். நானும் தெரியாதவன்போலவே பதில் சொல்ல வேண்டும். முதலில் சிரிப்பவனோ, உறவு சொல்லிக் கூப்பிடுபவனோ தோற்றவன். ஒருமுறை சோழவந்தான் பேருந்தில், பிள்ளை பிடிக்கிற ஆள்போல என் கையைப் பிடித்து இழுத்து, நான் "மாமா" என்று அலறும்வரை விடவில்லை. அதுவரை பதினான்கு ஆட்டம் நடந்திருந்தது. பதினான்கிலும் தோற்றவன் நான். பதினைந்தாவதை விடுவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டேன்.

"இந்த வீட்டுப் பிள்ளை" என்றேன், முகத்தை இறுக்கி.

மாமா திரும்பிக்கொண்டார். அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உலை கொதித்து மூடி தடதடத்தது, அதையும் பார்க்கவில்லை. அம்மாவும் ஆட்டத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அப்பாவின் சைக்கிள் டியூப் வாசரை மாமா விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. தோற்றுவிடுவார் என்று ஆவலாகப் பார்த்தேன். இல்லை. சாக்குப் பையிலிருந்து தோல் வாசர் ஒன்றை எடுத்து எண்ணெயில் தோய்த்து விரலால் நீவத் தொடங்கினார். சும்மா நின்றிருந்த வீட்டுக்கார அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

"சோழவந்தானுக்கு அங்கிட்டும்மா."

"அங்கிட்டுன்னா? ஊருக்குள்ளயா, காலனியா?"

நீவிக்கொண்டிருந்த விரல் நின்று, மறுபடி நகர்ந்தது. "காலனிதாம்மா. கொடிக்கால் வேலை பாத்த ஆளுக."

வீட்டுக்கார அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். நிலைப்படிக்கு உள்ளே இருந்த கால் வெளியே போயிற்று. அவர் கோபமாகவெல்லாம் இல்லை. மழை வந்தால் திண்ணை ஓரத்திலிருந்து நகர்வோமே, அப்படி நகர்ந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கும் சோழவந்தான் பக்கம்னுதான அன்னைக்குச் சொன்ன? இவனைத் தெரியுமா ஒனக்கு?"

அம்மாவின் கையில் கரண்டி இருந்தது. அவள் வாய் திறப்பதாகத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனத்துக்குள் எண்ணினேன். அவள் தோற்றுவிட்டால் அந்த ஆட்டம் யாருடைய கணக்கில் சேரும் என்று எனக்கு யோசனை. நான்கு எண்ணுவதற்குள் மாமா பேசிவிட்டார்.

"அவுகளுக்கு எப்பிடிம்மா எங்களையெல்லாம் தெரியும்? அவுக ஊருக்குள்ள பெரிய வீட்டு ஆளுக. எங்கப்பன் அவுக வீட்டுக் கொல்லப்பக்கமா போயித்தான் கூலி வாங்கிட்டு வருவாரு. நாங்க அந்தத் தெருவுக்குள்ள செருப்புப் போட்டுக்கூட நடக்க மாட்டோம். இவுக மூஞ்சிய இன்னைக்குத்தான் கிட்டத்துல பாக்குறேன்."

"தெரியாதுங்க" என்றாள் அம்மா.

எனக்கு வயிறு குலுங்கியது. மாமாவின் அப்பன் என்றால் அம்மாவுக்கும் அப்பன். என் தாத்தா. தாத்தாவை அம்மாவின் வீட்டுக்கே கூலிக்காரராக்கி, கொல்லைப்பக்கம் நிறுத்திவிட்டார் மாமா. இவ்வளவு பெரிய பொய்யை முகம் மாறாமல் சொல்ல அவரைத் தவிர யாரால் முடியும்? கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது. சிரிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா அம்மாவைப் பார்த்த பார்வையில் அதற்குப்பின் ஒரு மரியாதை கூடியிருந்தது. பெரிய வீடு என்று அம்மா இதுவரை சொல்லிக்கொள்ளவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

மாமா இவ்வளவு செய்தபிறகு நானும் ஏதாவது செய்யாவிட்டால் ஆட்டம் சமமாகாது என்று தோன்றியது. வீட்டுக்காரரின் மகன் பால்காரரிடம் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அதேபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"டேய், மறுபடி சொட்டுச்சு, ஒன்னையச் சும்மா விட மாட்டேன், பாத்துக்க."

மாமா வாசரைப் பார்த்தபடியே, "சரிங்க தம்பி. சொட்டாதுங்க" என்றார். வீட்டுக்கார அம்மா சத்தமாகச் சிரித்து, பெரிய ஆபீசராத்தான் வருவான் என்று என்னைப் பாராட்டினார். அம்மா சட்டென்று குனிந்து அடுப்பை ஊதினாள். விறகு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. வாசரைப் பொருத்தி, மரையில் சணல் சுற்றி, தலையைத் திருகி இறுக்கினார். மாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தார். இரண்டு வால்வில் எது எங்களுடையது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. குழாயைத் திறந்து மூடினார். நான் வீட்டுக்கார அம்மாவின் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணக் காத்திருந்தேன். முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. எண்ணுவதற்கு எதுவும் இல்லாதது எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மாமா சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வாசலுக்குப் போனார். மாடி வெயிலில் நின்ற முகம் கறுத்து வியர்த்திருந்தது. அங்கே திரும்பி, பொதுவாகப் பார்த்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

அம்மா அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்துவிட்டாள். குழாயைத் திறக்கவும் போய்விட்டாள்.

"டம்ளர்ல குடுக்காதம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா. "செம்புல எடுத்துக் கையில ஊத்து. பழக்கமில்லாத பிள்ளையா இருக்கியே நீ."

அம்மா டம்ளரைத் திரும்ப வைத்தாள். செம்பில் பிடித்தாள். மாமா கொல்லைப் படிக்குக் கீழே குந்தி, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். அம்மா படியின்மேல் நின்று, செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். பத்தொன்பது குடத்துக்குப் பின்னால் காத்திருந்து வாங்கிய தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் இடுப்பில் சுமந்து வந்தவள் அவள். அன்றைக்கு அவளுக்கு ஊற்றவே தெரியவில்லை. பாதித் தண்ணீர் மாமாவின் முழங்கையிலும் மார்பிலும் விழுந்தது. அவர் குடித்தது நான்கு மடக்கு. மீதியில் முகத்தைக் கழுவிக்கொண்டார். வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கழுவினார். எழுந்து, "வாரேம்மா" என்றார். வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னாரா, அம்மாவிடம் சொன்னாரா என்று சொல்வதற்கில்லை. இரண்டு பேரும் ஒரே திசையில்தான் நின்றார்கள். என்னைப் பார்த்து ஒரு கண்ணையாவது சிமிட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சந்து திரும்பும்வரை அவர் திரும்பவில்லை. கடைசிவரை ஆட்டத்தை விடாத மனிதர்.

சமையலறையைக் கழுவிவிடச் சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மா தன் வீட்டுக்குப் போனார். அம்மா கழுவினாள். மாமா குந்தியிருந்த இடத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளினாள். தண்ணீர் அதே குழாயிலிருந்து நன்றாக வந்தது. யாரும் பார்க்காதபோதும் அவள் ஏன் ஆட்டத்தைத் தொடர்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"நான்தான ஜெயிச்சேன்?" என்றேன்.

"சாப்பிடு" என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் முழுவதையும் நடித்துக் காட்டினேன். மாமாவின் குரல், வீட்டுக்கார அம்மாவின் குரல், என் குரல். என் பகுதியை மட்டும் இரண்டு தடவை. அப்பா சிரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தெரியலை" என்று அம்மா சொன்னதும், சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து மூடினார். மூன்று முறை. பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். வாசர் சொந்தமாக வெட்டியவருக்கு அடுத்தவர் வாசர் நன்றாக வேலை செய்தால் வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் அதற்குப்பின் ஆறு வருடம் இருந்தோம். யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. பெரிய வீட்டுப் பெண் என்ற பெயர் அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. மாமா அந்த வீட்டுக்கு மறுபடி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மாமாவை ஆற்றுக்கு வரச்சொல்லி ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். வைகையில் தண்ணீர் ஓடாத மாதம். வெறும் மணல். துவைப்பவர்களும் குளிப்பவர்களும் அங்கங்கே மணலைத் தோண்டி ஊற்று எடுத்து வைத்திருப்பார்கள். கையால் தோண்டினாலே கண்ணாடிபோலத் தண்ணீர் சுரக்கும். சர்க்கரை போட்டதுபோல இனிக்கும். சந்து முனையிலிருந்து ஆற்று மணல்வரை எழுநூற்று முப்பத்தெட்டு அடி. என் அடி.

மாமா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "இந்தத் தடவை நீதான்டா மாப்ள ஜெயிச்ச" என்றார். "'டேய்'னு போட்ட பாரு ஒரு போடு, நானே அரண்டு போனேன்." பதினைந்தில் ஒன்று. நான் கேட்க வந்ததே அதைத்தான், கேட்காமலே கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் என்னோடு அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை. ஜெயித்தவனோடு ஆட அவருக்குப் பயம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா முந்தானைக்குள்ளிருந்து செம்பை எடுத்தாள். வாய்க்குத் துணி கட்டி, சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள். வழியில் அதை நான்கு தடவை கை மாற்றியதைப் பார்த்தேன். பால் என்று நினைத்திருந்தேன். இன்னொரு கையில் அலமாரி டம்ளர்.

"என்னக்கா இது?" என்றார் மாமா.

"நம்ம குழாத் தண்ணி. குடி."

மாமா டம்ளரைப் பார்த்தார். அம்மா நிறைய ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் தூக்கி அண்ணாந்து குடிக்கப் போனார். "வாய் வச்சுக் குடி" என்றாள் அம்மா. குரல் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. மாமா டம்ளரை உதட்டில் வைத்து மெதுவாகக் குடித்து முடித்தார். இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தார். மீதியிருந்ததை அதே டம்ளரில் ஊற்றி, கழுவாமல், அவர் வாய் வைத்த பக்கத்திலேயே தன் வாயை வைத்து அம்மா குடித்தாள். எச்சில் டம்ளரில் குடித்தால் வியாதி வரும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார் என்றேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

எங்களைச் சுற்றி ஐந்து ஊற்று இருந்தது. நான் எண்ணினேன். மிகப் பக்கத்தில் இருந்தது ஒன்பதே அடி. சுத்தமான தண்ணீர் கண்முன்னே கிடக்கும்போது, எழுநூற்று முப்பத்தெட்டு அடி தூரம், கை வலிக்க வலிக்க, ஆற்றுக்கே தண்ணீர் சுமந்து வந்த அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.